வெந்நீர் ஊற்றும் முன்

மார்ச் 4

அன்புள்ள கோபக்கார மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கவரைப் பிரித்ததும் கோழி நடந்த காகிதத்தை யாரோ தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே, அது என் கையெழுத்துதான். காலமெல்லாம் பிரஷ் பிடித்த கைக்குப் பேனா மெலிசாக இருக்கிறது, வழுக்குகிறது. ஒரு சுவரைக் கொடுத்தால் நாலங்குலப் பிரஷில் உனக்கு அழகாக எழுதித் தருவேன். தபால்காரர் சுவரைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாரே!

போனில் பேசலாமே என்பாய். போன தடவை பேசினேன். "சாப்பிட்டியாமா?" என்று கேட்டேன். நீ "சாப்பாட்டைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் கட் பண்ண முடியாது. கிழிக்கத்தான் முடியும். அதற்கும் முதலில் பிரிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டுக்கு இருப்பது இரண்டு அறை, நடுவில் கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. நான் இந்தப் பக்கம் தும்மினால் உங்கம்மா அந்தப் பக்கமிருந்து "சட்டையைப் போடுங்க" என்கிறாள். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் பேச நினைத்தால் ஊரைவிட்டே போக வேண்டும். அதனால் வேலை செய்யும் இடத்தில் பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பதில் போடுவதானால் பெயிண்டுக் கடை முகவரிக்குப் போடு. கடைக்காரர் என்னிடம் கொடுத்துவிடுவார். "இந்த வயசுல உங்களுக்கு யாருங்க கடிதம் போடுறது?" என்று அவர் கேட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ லீவில் வந்தாய். உங்கம்மா உருளைக்கிழங்கு வறுத்து வைத்தாள். ஒரு வாய் போட்டதும் துப்பினாய். "எண்ணெய் சிக்கு அடிக்குதும்மா! எத்தனை நாள் எண்ணெய் இது?" அவள் பாட்டிலை எடுத்து மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகுதான் சொன்னாள், போன வருஷத்துக் காய்ச்சலோடு மூக்கு போய்விட்டது, எதிலும் வாசனை தெரியவில்லை என்று. ஒரு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. நீ என் பக்கம் திரும்பி, "தினம் இதைத்தானே சாப்பிடுறீங்க, உங்களுக்குமா தெரியல?" என்றாய். நான் சுவர் மாதிரி நின்றேன். அந்த ஒரு வேலை எனக்கு நன்றாக வரும்.

கரண்டியை அன்றைக்குக் கீழே வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். நரம்பு விஷயம், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். வெந்நீர் வைக்க மட்டும் அடுப்படிக்குப் போகிறாள். இப்போது சமையல் என்னுடையது. நான் வடிக்கும் சோறு ஒரு நாள் சுவருக்குப் பட்டி பார்க்கிற பதத்தில் வருகிறது, மறுநாள் சரளைக்கல்லாக வருகிறது. நடுவில் ஒரு பதம் இருப்பதாகக் கேள்வி. அவள் எதைப் போட்டாலும் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கம்மா குறை சொல்லாமல் சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா?

நம் தெருமுனையில் சலவைக்கடை இருந்ததே, அங்கே ஒரு ரெஸ்டாரன்ட் வந்திருக்கிறது. உள்ளே பெயிண்டு அடித்தது நான்தான். வெள்ளை மேசைத்துணி, மெழுகுவர்த்தி, ஒவ்வொரு தட்டாக வரிசையில் கொண்டுவந்து வைக்கும் பெரிய இடத்துச் சாப்பாடு. நடத்துகிற சமையற்காரம்மா பெரிய பெரிய ஹோட்டல்களில் சமைத்தவர். "பணக்காரங்களுக்குச் சமைச்சு அலுத்துப்போச்சு அண்ணே, தெருக்காரங்க வந்து உக்காரணும்" என்று வாரநாளில் நம்மைப் போன்றவர்கள் பயப்படாத விலை வைத்திருக்கிறார். வேலை முடிந்த அன்றைக்கு, "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சலுகையெல்லாம் கிடையாது, நல்ல மேசை உண்டு" என்றார்.

கூட்டிப் போகலாமா? நீ படித்தவள், சொல்லு.

உன் அப்பா


மார்ச் 10

அப்பாவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

கோழி நடந்த காகிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. சிரிக்க வைத்து என்னைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிறு வயதிலிருந்து இந்த வித்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் கோபம் எண்ணெய்க்காக இல்லை. தினமும் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு வசனம் சொல்வீர்களே, "ஆகா, வாசனை தெருமுனை வரைக்கும் வருது!" நான் பிறந்ததிலிருந்து கேட்கிற வசனம். அதைப் போன வருஷம் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கெட்டுப்போன எண்ணெயிலும், காந்திப்போன பாத்திரத்திலும், திரியப்போகிற பாலிலும். நான் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "என் மூக்கு போனா என்ன, உங்கப்பா மூக்கு இருக்குன்னு தைரியமா இருந்தேன்டி. அவர் வாசல்ல அதைச் சொன்னா, சரி, இன்னைக்குச் சமையல் தப்பில்லன்னு நெனச்சுக்குவேன். இப்பத்தானே தெரியுது, பாவம்னு சொல்லியிருக்கார். என்னைக் கொழந்தையாக்கிட்டார்."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நான் பார்க்கிற வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு லென்ஸை மாட்டி "இது தெளிவா?", இன்னொன்றை மாட்டி "இல்ல, இது தெளிவா?" என்று கேட்பேன். சிலர் எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் "இப்ப இன்னும் நல்லா தெரியுது" என்பார்கள். சந்தேகம் வந்தால் லென்ஸைக் கழற்றி அதே லென்ஸையே திரும்ப மாட்டுவேன். அப்போதும் "அடடா, இது பிரமாதம்!" என்பார்கள். நீங்கள் அந்த ரகம் அப்பா. அவர்களுக்குத் தப்பான கண்ணாடிதான் கிடைக்கும். அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? கேஸ் கசிந்திருந்தால்?

ரெஸ்டாரன்ட் பற்றிக் கேட்டீர்கள். மூக்கு போனவரை வாசனைக்குப் பேர்போன இடத்துக்கு அழைத்துப் போவது, பார்வை இல்லாதவருக்கு நான் விலை உயர்ந்த ஃபிரேம் விற்கிற மாதிரி இருக்கிறது. அதற்குமேல் உங்கள் இஷ்டம்.

போவதாக இருந்தால் நீலச் சட்டை போடுங்கள். நகத்தில் பெயிண்டு இருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். சூப்பை உறிஞ்சாதீர்கள்.

மகள்


மார்ச் 15

அன்புள்ள கண் டாக்டரம்மாவுக்கு,

(டாக்டர் இல்லை என்று திருத்தாதே. கடைக்காரரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.)

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை. மூன்றாவது தடவை படிக்கும்போது ஏணிமேல் இருந்தேன், அது தப்பு. நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. இருக்கிறது, ஆனால் எழுத வரவில்லை. நாலு வரி எழுதி அடித்துவிட்டேன், மேலே கறுப்பாகத் தெரிகிறதே அதுதான். பெயிண்டாக இருந்தால் மேலே இன்னொரு கோட் அடித்து மறைத்திருப்பேன்.

உங்கம்மாவிடம் ரெஸ்டாரன்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சாப்பிடத்தான்."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அட்டையைக் கொடுத்தாலும் மெல்லுவேன். காசைக் கரியாக்காதீங்க."

பேச்சுக் கதவு சாத்தியாயிற்று. ஜன்னல் வழியாகப் போனேன்.

"சாப்பிட வேண்டாம். சுவத்தைப் பாக்க வா. இத்தனை வருஷம் ஊர்ல உள்ள சுவருக்கெல்லாம் அடிச்சேன், ஒண்ணையாவது நீ பாத்திருக்கியா?"

"நம்ம வீட்டுச் சுவத்தைப் பாக்கிறேனே. பெயிண்டர் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும்னு ஊருக்கே தெரியும்."

பார்த்தாயா? குறை சொன்னாள்! எனக்கு உயிர் வந்தது. "அதனாலதான் சொல்றேன், நல்ல சுவர் ஒண்ணைக் காட்டுறேன்" என்றேன்.  மறுநாள் காலையில் என் நீலச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது.

அப்பா


மார்ச் 18 (தபால் அட்டையில்)

அப்பாவுக்கு,

நேற்று அம்மா போன் செய்தார். "உங்கப்பா ஏதோ சுவத்தைக் காட்டப் போறாராம், அதுக்கு எந்தச் செருப்புடி போடுறது?" என்று கேட்டார். அம்மா என்னிடம் செருப்பு பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

போய்விட்டு வந்து எழுதுங்கள். முழுசாக எழுதுங்கள். அடித்து அடித்து எழுதாதீர்கள்.


மார்ச் 22

அன்புள்ள மகளே,

போய் வந்தோம். முழுசாக எழுதுகிறேன். இதற்காகவே கடையில் பெரிய தாளாக வாங்கினேன்.

மூலை மேசை கொடுத்தார்கள். நான் அடித்த சுவருக்கு நேர் எதிரே. உட்கார்ந்து நிமிர்ந்தால் விளக்குக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்டு வடிந்து காய்ந்திருக்கிறது. நின்று அடித்தபோதும் தெரியவில்லை, நின்று பார்த்தபோதும் தெரியவில்லை. உட்கார்ந்தால்தான் தெரிகிறது. ரெஸ்டாரன்டிலோ எல்லோரும் உட்காருகிறார்கள். உங்கம்மாவை வேறு பக்கம் பார்க்க வைக்க மெழுகுவர்த்தியை நகர்த்தினேன், நிழல் விழுந்து கோடு இரண்டு மடங்கானது.

"இதுவா அந்த நல்ல சுவர்? என்னங்க, அழுதிருக்கு?" என்றாள்.

வில் மாதிரி கழுத்துப்பட்டை கட்டிய வெயிட்டர் வந்தார். என் வயதிருக்கும், ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. அவரைப் பார்த்து நானும் நிமிர்ந்தேன், நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதன்மேல் ஆளுக்கு மூன்று துளி சாப்பாடு. முதலாவது, கட்டைவிரல் அளவு பீட்ரூட், பக்கத்தில் வெள்ளைக் குழைவை யாரோ ஓரங்குலப் பிரஷில் இழுத்துவிட்ட மாதிரி இழுத்திருந்தார்கள். நல்ல இழுப்பு, கை நடுங்கவில்லை. இரண்டாவது, ஒரு காளான். மூன்றாவது, தோல் மொறுமொறுவென்று வறுத்த ஒரு துண்டு மீன், அதை ஓர் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் இதைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். நம் தொழிலில் இல்லாததா? சுவரில் மூன்று கலரைத் துளித்துளியாக அடித்துக் காட்டுவோம். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "இது" என்பார். பிறகு முழுச் சுவரும் அந்தக் கலர். பெரிய இடம், சாப்பாட்டுக்கும் அப்படித்தான் செய்கிறார்கள், எவ்வளவு நாணயமான மனிதர்கள் என்று நினைத்தேன். மூன்றையும் சாப்பிட்டேன், யோசித்தேன், வெயிட்டரைக் கூப்பிட்டேன்.

"மூணாவது நல்லா இருக்குங்க. ரெண்டு பேருக்குமே அதையே போட்டுடுங்க."

"சார்?"

"சாம்பிள் பாத்தாச்சு. மூணாவதே இருக்கட்டும். கொஞ்சம் நிறைய."

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பயிற்சி அப்படி. உள்ளே போனார். உள்ளேயிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது. சமையற்காரம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இது சாம்பிள் இல்ல. சாப்பாடே இப்படித்தான் ஒண்ணொண்ணா வரும்."

"அப்ப முழுசா எப்ப வரும்?"

"வராது. நீங்க சுவத்துக்கு சாம்பிள் போட்டுக் காட்டினீங்க, நான் வயித்துக்குப் போடல!"

அப்போது ஒரு சத்தம் கேட்டது. உங்கம்மா. சிரித்தாள். வாயில் இருந்த தண்ணீர் மூக்கில் ஏறி, புரையேறி, நாப்கினை முகத்தில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சுற்றியிருந்த மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. "கொஞ்சம் நிறையவாம்... கொஞ்சம் நிறையவாம்..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் மானம் அந்த மேசைத்துணிக்கு அடியில் போயிற்று. போகட்டும், அது ஒன்றும் புதுசில்லை. நீ போன பிறகு வீட்டில் கேட்காத சத்தம் அது.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டாள். சும்மா சாப்பிடவில்லை மகளே, வேலை பார்க்கிற மாதிரி கவனமாகச் சாப்பிட்டாள். மீன் தோலைக் கடித்துவிட்டு, "கேளுங்க" என்று என் காதுப் பக்கம் வந்து மறுபடி கடித்தாள். சருகு மிதிக்கிற சத்தம். சூடான காரட் சூப்பின் நடுவில் ஜில்லென்று ஒரு கரண்டி ஏதோ மிதந்தது. அதை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு கன்னம் சுடுது, ஒரு கன்னம் குளுருது" என்றாள். நான் சூப்பை உறிஞ்சவில்லை. அவள் உறிஞ்சினாள். நீ அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லையே.

துளித்துளியாக வருகிறதே, வீட்டுக்குப் போய் ரொட்டி தின்ன வேண்டியதுதான் என்று நினைத்தேன். பாதியிலேயே பெல்ட்டைத் தளர்த்தினேன். எங்கே போய் எப்படி நிறைகிறதோ!

பிறகு அந்தத் தட்டு வந்தது.

ஆழமான கிண்ணம், உள்ளே பச்சை இலைகளும் குச்சிகளும். அதன்மேல் சின்னத் தட்டில் இறைச்சித் துண்டு. வெயிட்டர் கையில் ஒரு ஜாடி. "முதல்ல முகர்ந்து பாருங்க, அப்புறம் சாப்பிடுங்க. இதோட சிறப்பே வாசனைதான்" என்றார்.

உங்கம்மாவின் முகம் அணைந்துவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள், நாப்கினை மடிக்கத் தொடங்கினாள். எனக்குப் பதறியது. இவ்வளவு தூரம் வந்த பிறகா? ஏதாவது செய்ய வேண்டுமே என்று கிண்ணத்துமேல் குனிந்தேன், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன், என்னையறியாமல் வாய் தானாகச் சொல்லிற்று:

"ஆகா! வாசனை தெருமுனை வரைக்கும் வருது!"

வெயிட்டர் ஜாடியைக் காட்டினார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "சார், இன்னும் வெந்நீரே ஊத்தல. ஊத்தினாத்தான் இலையிலேர்ந்து வாசனை வரும்."

ஊற்றினார். ஆவி எழுந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் "அடடா" என்று இந்தப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், பஸ்ஸை விட்டுவிட்ட இரண்டு பேர் மாதிரி.

"உங்களுக்கும் வரலையா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன், வரவில்லை என்று.

அதன் பிறகு அவள் தன் தட்டைக் காலி செய்தாள், கடைசியில் வந்த இனிப்பில் என் பங்கிலும் பாதியைச் சாப்பிட்டாள். பில் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன், திறந்து பார்த்தபோது பிழைத்திருந்தேன். நியாயமான பெண்மணி அந்தச் சமையற்காரம்மா. தெருவில் நடக்கும்போது உங்கம்மாவின் புதுச் செருப்பு மட்டும் பேசிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

"எப்பத்துலேர்ந்து?"

சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், அடித்த நாலு வரி இதுதான். பெயிண்டுத் தின்னர் வாடையிலேயே கிடந்த மூக்கு, எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு பங்களாவில் வேலை. ஓர் அறையில் மரப்பலகைக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்திருக்கிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். நான் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு சுவர் முழுவதையும் அடித்து முடித்தேன். மேஸ்திரி என் தோளைத் தட்டி "இவன்தான்டா உழைப்பாளி!" என்றார். அந்தப் பட்டத்தை விட மனசில்லை, வெளியே சொல்லவில்லை. அப்புறம் சொல்ல நேரம் அமையவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கம்மா என் முகத்தைப் பார்ப்பாள். எல்லாப் புருஷன்மாரும் சொல்கிற மாதிரி நானும் ஏதோ சொன்னேன். அது ஒட்டிக்கொண்டது.

"அப்ப போன வருஷம் எம்மேல பாவப்பட்டுச் சொல்லலையா?" என்றாள்.

"தெரிஞ்சாத்தானே பாவப்பட. எனக்கு எப்பவும் ஒரே பொய்தான், புதுசா ஒண்ணும் சொல்லல."

 பிறகு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கைச் சிந்தினாளா, சிரிப்பை அடக்கினாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூக்கைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

கவனித்தீர்களா?

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படிக்கலாம் என்று எடுத்தேன். நடுவில் ஒருவர் கண் பரிசோதனைக்கு வந்துவிட்டார். 'கொஞ்சம் நிறைய' வந்த இடத்தில் அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையின் கடைசி வரி எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்ததும், தப்பாகப் படித்துவிட்டோம் என்று பயந்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

எலி வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் எட்டாவது படிக்கும்போது என் சென்ட் பாட்டில் உங்கள் வேலைச் சட்டையில் கொட்டிவிட்டது. முழுப் பாட்டிலும். நீங்கள் திட்டவில்லை, அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். 'எங்கப்பா மாதிரி தங்கமான அப்பா உண்டா' என்று பள்ளி முழுக்கச் சொன்னேன். இப்போதுதானே தெரிகிறது, தங்கத்துக்கு மூக்கு இல்லை!

ஆனாலும் யோசித்தேன் அப்பா. மூக்கு இல்லைதான். சட்டையில் ஈரம் தெரிந்திருக்கும், பாட்டில் காலியானது தெரிந்திருக்கும், உங்களோடு வேலை செய்தவர்கள் கேலி செய்திருப்பார்கள். அதற்கும் திட்டவில்லை. அதனால் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, உங்களிடமே இருக்கட்டும்.

பொய்யர் என்று நினைத்தது தப்பு என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் பொய்யர்தான். நான் நினைத்த பொய் இல்லை, அவ்வளவுதான். அம்மாவைப் பாவம் பார்த்து ஏமாற்றினீர்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. போனில் கத்தியதற்கு என்னை மன்னியுங்கள்.

கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு மூக்கு போன வீடு என்று நினைத்துப் பயந்தேன், இரண்டும் போன வீடு என்று தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சுவரில் துளை போடும்போது நேராகப் போடுங்கள்.

அம்மா பேசினார். ரொம்ப நேரம். என்ன பேசினார் என்று உங்களிடம் சொல்லக்கூடாதாம். கடைசியில் என் தொழில் விஷயமாக ஒன்று கேட்டார், விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். என்ன என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
மகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மகளுக்கு,

கருவி வந்தது, மாட்டினேன், நேராகத்தான். முதல் நாளே கத்தியது. பார்த்தால் கேஸ் கசியவில்லை, நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய்க்கும் பாலுக்கும் வேறு ஏற்பாடு. பக்கத்து வீட்டு பஸ் டிரைவரைத் தெரியுமல்லவா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறவர். காலையில் ஒரு டம்ளர் காபி கொடுத்தால் நம் வீட்டு டப்பா பாட்டில்களை எல்லாம் மோந்து பார்த்துச் சொல்கிறார். மனிதர் மூக்கு அபாரம். முதல் நாளே என்னையும் மோந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அது உனக்கு வேண்டாம்.

வடிந்த கோட்டைத் தேய்த்து அடிக்கலாம் என்று பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு ரெஸ்டாரன்டுக்குப் போனேன். சமையற்காரம்மா விடவில்லை. "இருக்கட்டும் அண்ணே, உங்க மேசைக்கு அதுதான் அடையாளம்" என்கிறார். என் தொழிலில் நான் விட்ட குறைக்கு ஒரு மேசையே கிடைத்திருக்கிறது. அங்கே மூன்று நாற்காலி போடலாம். உன் லீவு எப்போது என்று சொல்லு, வாரநாளாக இருக்கட்டும்.

இனி முக்கிய விஷயம்.

நேற்று வேலை முடிந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். வாய் திறந்தது, பழக்கம் விடுமா? கடித்து மூடிக்கொண்டேன். அப்போதுதான் அடுப்படியில் விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் மூன்று டீ சாஸர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு வில்லை உருளைக்கிழங்கு வறுவல். பக்கத்தில் உங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க. சாம்பிள். எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க, அதையே போடுறேன்."

மகளே, நான் ஏணியில் மூன்றாம் மாடி உயரத்தில் நின்றிருக்கிறேன், அங்கிருந்து கீழே பார்த்தது இதைவிடச் சுலபம். முதல் சாஸரைச் சாப்பிட்டேன். நல்ல மொறுமொறுப்பு. இரண்டாவது, அதுவும் நல்ல மொறுமொறுப்பு. மூன்றாவதைக் கடித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை, அந்த வெயிட்டரிடம் பயிற்சி எடுத்தவள் மாதிரி நின்றாள். மறுபடி முதலாவதை எடுத்தேன். மென்றேன். உப்பு ஒன்றுதான். காரம் ஒன்றுதான். சத்தம்கூட ஒன்றுதான். 'ரெண்டாவது பிரமாதம்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரெண்டாவது என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பிடலாம், பசி வேறு.

"என்ன, சொல்லுங்க."

"தெரியலம்மா" என்றேன். "எனக்கு மூணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

உங்கம்மா கையை அவிழ்த்தாள்.

"மூணும் ஒண்ணுதான்" என்றாள். "ஒரே சட்டியில வறுத்தது."

பிறகு அடுப்படிக்குப் போய், சட்டியோடு கொண்டுவந்து, என் தட்டில் போட்டாள். கொஞ்சம் நிறைய. தனக்கும் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். எண்ணெயைப் பக்கத்து வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டார் என்றும், இரண்டு தடவை வறுத்தால்தான் இந்த மொறுமொறுப்பு வரும், அதைச் சமையற்காரம்மாவிடமே போய்க் கேட்டு வந்தேன் என்றும் சொன்னாள். நான் வடித்த சோற்றை ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதைச் சுவத்துல பூசுங்க, அந்தக் கோடு மறையும்" என்றாள். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

ஒரே லென்ஸைத் திரும்ப மாட்டுகிற வித்தையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நீ வா, உனக்கு இருக்கிறது.

இதை வாளிமேல் உட்கார்ந்து எழுதவில்லை, வீட்டில் மேசையில் எழுதுகிறேன். அதனால் இனிமேல் கடைக்குக் கடிதம் போடாதே, வீட்டுக்கே போடு. கடைக்காரருக்குத்தான் வருத்தம், கதை பாதியில் நின்றுவிட்டதாம்.

உங்கம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். "அவளுக்கா எழுதுறீங்க? வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க!"

எழுதவில்லை. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா